பிங்க் ஃபிளாய்டை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பெயரைக் கேள்விப்பட்டு, என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ‘அனதர் பிரிக் இன் தி வால்’ பாட்டின் இரண்டாம் பகுதிதான். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் அந்த நான்கு நிமிடப் பாட்டு. நன்றாக இருக்கிறதே என்று அடுத்ததற்குப் போனால், அது எங்கேயோ நடுவில் தொடங்கி எங்கேயோ நடுவில் நின்றுவிடுகிறது. இன்னொன்றில் எட்டு நிமிடம் ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை. வேறொன்றில் திடீரென்று கடிகாரங்கள் அலறுகின்றன. இது நமக்குச் சரிப்படாது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நல்ல இசை ரசனை உள்ள என் நண்பர்கள் சிலரே அப்படி விட்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஒரு நாவலின் 11-ஆம் அத்தியாயத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிபடும்?

இந்தக் குழுவை ஆல்பம் ஆல்பமாகத்தான் கேட்க வேண்டும். அதற்குக் காரணமான ஒரு கருத்து உண்டு. ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பார்கள். ஒரே ஒரு எண்ணத்தையோ கதையையோ எடுத்துக்கொண்டு, முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலிவரை அதை வளர்த்துக்கொண்டே போகும் இசைத்தொகுப்பு. பாட்டுகளின் வரிசையை மாற்றினால் பொருளும் மாறிவிடும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அமைதி இருக்காது. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் பிணைந்திருக்கும்.

இப்படி ஒரு வடிவம் பிறக்க இசைத்தட்டும் ஒரு காரணம். பழைய சின்னத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பதியலாம். 1948-இல் வந்த எல்.பி. தட்டில் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேலும் பதியலாம். ஆனாலும் முதலில் எல்லாரும் தனித்தனிப் பாட்டுகளை வரிசையாக அடுக்கித்தான் வெளியிட்டார்கள். 1960-களின் பிற்பாதியில்தான் பிரிட்டனில் இளைஞர்கள் சிலர், இந்த நாற்பது நிமிடத்தையும் ஒரே படைப்பாக ஏன் செய்யக் கூடாது என்று முனைந்தார்கள். பிங்க் ஃபிளாய்டுக்கு முன்பே அதைச் செய்தவர்கள் உண்டு. தி பிரிட்டி திங்ஸ் குழு 1968-இலும், தி ஹூ குழு 1969-இலும் முழுக் கதையையே ஆல்பமாக்கினார்கள். ஆனால் அந்த வடிவத்தை உலகம் முழுக்க வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது பிங்க் ஃபிளாய்ட்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவின் பெரிய ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அவற்றுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலி கண்ணில் பட ஆரம்பிக்கும். அந்த நாற்காலிக்கு உரியவரின் பெயர் சிட் பாரெட்.

தொடங்கி வைத்தவர்

ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டனில் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படித்தவர்கள். வாட்டர்ஸ் பேஸ் கிட்டார், மேசன் டிரம்ஸ், ரைட் கீபோர்டு. ரைட்டுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை, சீக்கிரமே இசைப் பக்கம் போய்விட்டார். வாட்டர்ஸ் வளர்ந்தது கேம்பிரிட்ஜில். அதே ஊரிலிருந்து ஓவியம் படிக்க லண்டனுக்கு வந்த சிட் பாரெட் இவர்களோடு சேர்ந்தார். அதுவரை குழுவுக்குப் பல பெயர்கள். ‘தி டீ செட்’ என்பது அவற்றுள் ஒன்று. ஒரு நிகழ்ச்சியில் அதே பெயரில் இன்னொரு குழுவும் பாட வந்திருந்ததால், பாரெட் சட்டென்று வேறு பெயர் யோசித்தார். அவரிடம் இருந்த புளூஸ் இசைத்தட்டுகளில் பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று இரண்டு அமெரிக்கப் பாடகர்களின் பெயர்கள். இரண்டின் முதல் பாதியையும் ஒட்டினார். 1965-இல் பெயர் பிறந்தது இப்படித்தான்.

1966 கடைசியில் லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில், ஒரு நடனக் கூடத்தின் நிலவறையில் ‘யூ.எஃப்.ஓ.’ என்ற இரவு மன்றம் திறந்தது. பிங்க் ஃபிளாய்ட் அங்கே வழக்கமாக வாசித்தார்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எண்ணெயும் சாயமும் விட்டு, பின்னாலிருந்து விளக்கைப் பாய்ச்சுவார்கள். நிறங்கள் குமிழியிட்டு வாசிப்பவர்களின் உடம்பின்மேல் வழியும். ஆட்களின் முகமே சரியாகத் தெரியாது. பிற்காலத்திலும் இந்தக் குழுவினர் மேடையில் முகம் காட்டுவதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒளியும் ஒலியும்தான் முன்னால் நிற்கும். அந்தப் பழக்கம் தொடங்கியது இந்த நிலவறையில்.

பாரெட்டின் பாட்டுகள் விசித்திரமானவை, ஆனால் இனிமையானவை. கொடியில் காயும் பெண்களின் துணிகளைத் திருடுகிற ஆளைப் பற்றிய ‘ஆர்னால்ட் லேன்’தான் 1967 மார்ச்சில் வந்த முதல் தட்டு. அடுத்து வந்த ‘சீ எமிலி பிளே’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தைப் பிடித்தது. அந்த ஆகஸ்டில் முதல் ஆல்பம், ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’. ஏபி ரோட்டில் இருக்கும் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பதிவானது. அதே மாதங்களில் அதே கட்டடத்தின் இன்னொரு அறையில் பீட்டில்ஸ் தங்கள் புகழ்பெற்ற ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பாரெட்டின் ஆல்பத்தில் குள்ள பூதம் வரும், சோளக்கொல்லைப் பொம்மை வரும், மிதிவண்டி வரும். ஒரு பக்கம் அண்டவெளியில் மிதக்கிற கிட்டார் இரைச்சல், இன்னொரு பக்கம் குழந்தைகளுக்கான கதை.

அந்த ஆண்டு முடிவதற்குள் பாரெட் தன் வசத்தில் இல்லை. எல்.எஸ்.டி. போதைப்பொருளை அளவில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் கிட்டாரைத் தொங்கவிட்டபடி வெறுமனே நிற்பார். சில இரவுகளில் பாட்டு முழுக்க ஒரே ஸ்வரத்தையே மீட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு அப்போது வயது 21. கேம்பிரிட்ஜ் நாள்களில் அவரோடு சேர்ந்து கிட்டார் பழகிய டேவிட் கில்மோரைக் குழுவுக்குள் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாள் ஐந்து பேராக வாசித்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்குக் காரில் போகும்போது, பாரெட்டைக் கூப்பிடப் போக வேண்டுமா என்று பேச்சு வந்தது. போகவில்லை. ஏப்ரலில் அவர் விலகியதாக அறிவித்தார்கள்.

குழுவுக்குப் பெயர் வைத்தவர், பாட்டு எழுதியவர், முகமாக இருந்தவர். அவரைக் கூட்டிப்போகாமல் கார் நேராகப் போய்விட்டது. மற்ற நால்வரும் இளைஞர்கள், என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்த இசையில் அந்த நாளின் கனம் இறங்கவே இல்லை.

தேடிய ஆண்டுகள்

1968 முதல் 1971 வரை குழு இருட்டில் துழாவிக்கொண்டிருந்தது. பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர் போய்விட்டார், மிச்சமிருந்தவர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு அவ்வளவு எளிதாக வரவில்லை. அதுவே அவர்களை வேறு வழிக்குத் தள்ளியது. ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ ஆல்பத்தின் தலைப்பு இசையை, வாட்டர்ஸும் மேசனும் ஸ்வரங்களாக எழுதாமல், கட்டட வரைபடம்போல் காகிதத்தில் மேடும் பள்ளமுமாக வரைந்து திட்டமிட்டார்கள். இந்தத் தகவலை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். பிங்க் ஃபிளாய்டின் இசை ஏன் அவ்வளவு மெதுவாக எழும்புகிறது, ஏன் நடுவில் அவ்வளவு வெற்றிடம் என்று கேட்டால், அது கட்டடம் படித்தவர்கள் எழுப்பிய இசை என்பதே ஒரு பதில். சுவருக்கு எவ்வளவு மதிப்போ அதே மதிப்பு முற்றத்துக்கும் உண்டு.

அப்புறம் சில ஆல்பங்கள். அட்டையில் ஒரு பசுமாடு மட்டும் நிற்கிற ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ (1970) பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அவற்றில் எல்லாமே கேட்டே ஆக வேண்டியவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1971-இல் வந்த ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை விடக் கூடாது. அந்தப் பக்கம் முழுக்க ‘எக்கோஸ்’ என்ற ஒரே படைப்பு, 23 நிமிடம்.

‘எக்கோஸ்’ ஒரே ஒரு ஸ்வரத்தில் தொடங்குகிறது. கடலடியில் நீர்மூழ்கிக் கப்பல் அனுப்பும் சமிக்ஞைபோல் ‘பிங்’ என்று ஓர் ஒலி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘பிங்’. ரைட்டின் பியானோவை, உள்ளே சுழலும் ஒலிபெருக்கி ஒன்றின் வழியே விட்டுப் பார்த்தபோது தற்செயலாகக் கிடைத்த ஒலி அது. வேறொரு குழுவாக இருந்தால் வேடிக்கையாக இருக்கிறதே என்று விட்டிருப்பார்கள். இவர்கள் அதன்மேல் ஒரு பாட்டைக் கட்டினார்கள். இரண்டு குரல்கள் ஒட்டிப் பாடுகின்றன, கில்மோரும் ரைட்டும். அந்த இரண்டு குரல்களும் ஒன்றாகிற இடம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் உண்மையான குரல். 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேயில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து மீண்ட பழைய ரோமானிய அரங்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் இதை வாசித்துப் படமாக்கினார்கள். வெயில், கல், நான்கு பேர். கேட்பதோடு பார்க்கவும் ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

நிலவின் மறுபக்கம்

மேசன் வீட்டுச் சமையலறையில் நால்வரும் உட்கார்ந்து பேசியபோது வாட்டர்ஸ் ஒரு யோசனை சொன்னார். மனிதனைப் பைத்தியம் பிடிக்கவைக்கும் விஷயங்களைப் பற்றியே ஓர் ஆல்பம் முழுக்கச் செய்வோம். காலம், ஓயாத பயணம், பணம், சண்டை, சாவு பயம். கடைசியில் மனம் பிறழ்வது. அதுதான் 1973 மார்ச்சில் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. ஸ்டுடியோவுக்குள் போகும் முன்பே, 1972 ஜனவரி முதல் அதை மேடைகளில் வாசித்து வாசித்துச் செதுக்கியிருந்தார்கள். அதனால்தான் அதில் தளர்வான இடமே இல்லை.

மொத்தம் 43 நிமிடம். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. முதல் பாட்டில் மூச்சு விடச் சொல்கிறார்கள், நிதானமாக. அடுத்து ஓட்டம். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எட்டு ஸ்வரங்களைப் போட்டு, அதை மிக வேகமாகச் சுழல விட்டு, விமான நிலைய அறிவிப்பையும் காலடிச் சத்தத்தையும் அதன்மேல் சேர்த்திருக்கிறார்கள். அது வெடித்து அடங்கியதும் கடிகாரங்கள். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், பழைய கடிகாரங்கள் விற்கும் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்த ஒலிகள் அவை. எல்லாம் ஒரே நேரத்தில் அடித்து ஓய்ந்த பிறகு, மேசன் இரண்டு நிமிடம்போல் அவசரமே இல்லாமல் டிரம்ஸைத் தட்டுகிறார். ‘டைம்’ என்ற அந்தப் பாட்டை எழுதும்போது வாட்டர்ஸுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. வாழ்க்கைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தவருக்கு, அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று திடீரென்று உறைத்திருக்கிறது. அதைத்தான் எழுதினார். நான் கல்லூரி முடித்து வேலை தேடிய நாள்களில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது.

‘மணி’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற கல்லாப்பெட்டி, நாணயம், காகிதம் கிழிகிற ஓசை எல்லாம் கையால் செய்தவை. ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, அடிக்கோலால் அளந்து, சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். கணினி இல்லாத காலம். அந்த வளையத்தில் ஏழு ஒலிகள். பாட்டும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில்தான் போகிறது. மிஸ்ர சாபு பழகிய காதுக்கு இது புதிதாக இருக்காது. நான்கு நான்காக எண்ணிப் பழகிய மேற்கத்திய ராக் ரசிகர்களுக்கோ, எங்கோ ஒரு படி குறைகிறதே என்ற தடுமாற்றம் அதில் எப்போதும் உண்டு. டிக் பாரி சாக்ஸஃபோன் வாசிக்கும்போதும் ஏழுதான். கில்மோரின் கிட்டார் வரும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறி, கட்டு அவிழ்ந்ததுபோல் பாய்கிறது. கையால் தட்டிப் பார்த்தால் அந்த மாற்றம் உடனே பிடிபடும்.

இந்த ஆல்பத்தில் மிகவும் உலுக்குவது சொற்களே இல்லாத ஒரு பாட்டு. ரைட்டின் பியானோ, அதன்மேல் ஒரு பெண்குரல். சாவைப் பற்றியது என்று மட்டும் சொல்லி, கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார்கள். வரிகள் கிடையாது, உங்கள் மனதுக்குத் தோன்றுவதைப் பாடுங்கள் என்றார்கள். தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் பாடினார். கதறல், கெஞ்சல், அப்புறம் ஓய்ந்துபோய் ஏற்றுக்கொள்வது. சில முறை பாடியதிலிருந்து தொகுத்ததுதான் நாம் கேட்பது. அவருக்கு அன்று கிடைத்த கூலி 30 பவுண்டு. மெட்டமைத்தவராக ரைட்டின் பெயர் மட்டும் அச்சானது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு டோரி வழக்குத் தொடர்ந்தார்; 2005-இல் சமரசமானது; அதன் பின் அவர் பெயரும் சேர்ந்தது. சேர்ந்திருக்க வேண்டிய பெயர்தான். அந்த மெட்டை அந்த அறையில் நின்று உண்டாக்கியவர் அவர்.

பாட்டுகளுக்கு நடுவே சில பேச்சுக் குரல்கள் கேட்கும். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம் நீட்டிப் பதில்களைப் பதிவு செய்தார். கடைசியாக யாரை அடித்தீர்கள், அப்போது நியாயம் உங்கள் பக்கமா, சாவதற்குப் பயமா. அப்போது பக்கத்து அறையில் இருந்த, பீட்டில்ஸ் குழுவில் பாடிய பால் மெக்கார்ட்னியிடம்கூடக் கேட்டார்கள். அவர் பதில் ரொம்ப யோசித்துச் சொன்னதாக இருந்ததால் சேர்க்கவில்லை. ஸ்டுடியோ வாயில்காப்பாளரின் பதிலைச் சேர்த்தார்கள். ஆல்பத்தின் கடைசியில், இதயத் துடிப்புக்கு மேலே, நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்று சொல்லும் குரல் அவருடையது.

அதற்குச் சற்று முன்பு வருகிற ‘பிரெயின் டேமேஜ்’, புல்தரையில் நிற்கும் மனம் பிறழ்ந்த ஒருவரைப் பற்றியது. அவர் யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அட்டைப்படத்தையும் சொல்லியாக வேண்டும். கறுப்புப் பின்னணி, ஒரு முப்பட்டகம், ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறுபக்கம் வண்ணங்களாக விரிகிறது. ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் வேலை. எளிமையாக, துப்புரவாக ஒன்று வேண்டும் என்று கேட்டவர் ரைட். வண்ணங்களை எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கும். முன் அட்டையில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லை. இந்த ஆல்பம் அமெரிக்காவின் ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973-க்கும் 1988-க்கும் இடையே மொத்தம் 741 வாரங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

வராதவருக்கு ஒரு பாட்டு

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு நால்வரும் வெறுமையாகிப் போனார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வாத்தியங்களே வேண்டாம், ரப்பர் பட்டை, கண்ணாடிக் கோப்பை, துடைப்பம் என்று வீட்டுப் பொருள்களை வைத்தே ஓர் ஆல்பம் செய்வோம் என்று வாரக்கணக்கில் முயன்று கைவிட்டார்கள். 1975 ஜனவரியில் மறுபடி ஏபி ரோட். ஒருவரோடொருவர் பேச்சே குறைந்துபோன நேரம். அதற்குக் கொஞ்சம் முன்பு ஓர் ஒத்திகையில் கில்மோர் தற்செயலாக நான்கு ஸ்வரங்களை வாசித்திருந்தார். அவ்வளவுதான், நான்கே ஸ்வரம். வாட்டர்ஸுக்கு அதில் பாரெட்டின் ஏக்கம் கேட்டது. ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’ அந்த நான்கு ஸ்வரங்களிலிருந்து வளர்ந்தது. ஒன்பது பகுதிகள், 26 நிமிடம். அதை இரண்டாகப் பிரித்து ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார்கள்.

தொடக்கத்தில் மெல்லிய பனிபோல் ஓர் ஒலி பரவுகிறது. கைவிட்ட அந்தப் பழைய முயற்சியில் பதிந்த கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியும் அதற்குள் இருக்கிறது. நீண்ட நேரம் எதுவும் நடப்பதுபோலவே தெரியாது. அப்புறம் அந்த நான்கு ஸ்வரங்கள், தனியாக, இருட்டில் யாரையோ கூப்பிடுவதுபோல். இடைவெளி. மறுபடி அதே நான்கு. முதல் சொல் வருவதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். முதல்முறை கேட்பவர்கள் பொறுமை இழக்கிற இடம் இதுதான். இழக்காதீர்கள். வராத ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்த எட்டு நிமிடமும் சொல்கிறது. காத்திருக்காமல் நேரே சொற்களுக்குப் போனால் பாதிப் பாட்டு கைவிட்டுப் போய்விடும்.

1975 ஜூன் 5 அன்று, இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் சிரைத்துக்கொண்ட பருமனான ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். யாரோ ஊழியர் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் பாரெட் என்று உறைத்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். தன்னைப் பற்றிய பாட்டு உருவாகும் அறையில், யாரும் அழைக்காமல், ஏழு ஆண்டுகள் கழித்து வந்து நின்றிருக்கிறார் பாரெட். மற்ற மூவரும்கூட இதைப் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் நினைவிலும் விவரங்கள் கொஞ்சம் மாறும், அதிர்ச்சி மட்டும் மாறாது.

ஆல்பத்தின் நடுவில் இசை வணிகத்தைப் பற்றிய கசப்பான இரண்டு பாட்டுகள். பிறகு தலைப்புப் பாட்டு. யாரோ வானொலியின் குமிழைத் திருகுகிறார்கள். நிலையங்கள் மாறி மாறி, ஒரு கிட்டார் மட்டும் நிற்கிறது, வானொலிக்குள்ளிருந்து வருவதுபோல் சன்னமாக. அறையில் யாரோ தன் கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். அந்தக் கிட்டார் காதுக்குப் பக்கத்தில், முழுசாக, விரல் கம்பியில் வழுக்குவதுகூடக் கேட்கும்படி ஒலிக்கிறது. எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவரோடு, அவருக்குத் தெரியாமலே சேர்ந்து வாசிப்பது. ஒரு சொல்லும் வருவதற்கு முன்பே பாட்டின் பொருளை ஒலியிலேயே சொல்லிவிட்டார்கள். ஹெட்போனில் கேட்டால் இது நன்றாகத் தெரியும்.

சுவர்

1977-இல் ‘அனிமல்ஸ்’. மனிதர்களை நாய், பன்றி, ஆடு என்று மூன்று வகையாகப் பார்க்கும் கோபமான ஆல்பம். அட்டைப்படத்துக்காக லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் மேலே பறக்கவிட்ட பெரிய காற்றுப்பன்றி கயிறு அறுந்து வானில் மிதந்துபோனது. ஹீத்ரோவில் விமானங்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கென்ட்டில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது.

அந்த ஆண்டு ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர்மேல் வாட்டர்ஸ் எச்சில் துப்பிவிட்டார். அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்று தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான் 1979 நவம்பரில் வெளியான ‘தி வால்’. இது முழுக் கதை. பிங்க் என்ற ராக் பாடகனின் அப்பா போரில் இறக்கிறார். பொத்திப் பொத்தி வளர்க்கும் அம்மா, அடித்து நொறுக்கும் ஆசிரியர்கள், உடைந்துபோன திருமணம். ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல். இரண்டு தட்டுகளில் முதலாவது முடியும்போது சுவர் எழும்பி, அவன் உள்ளே அடைபட்டுவிடுகிறான். வாட்டர்ஸின் அப்பா இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியின் ஆன்சியோவில் இறந்தவர். அப்போது வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தை. ஆக, இந்த ஆல்பத்தின் நடுவிலும் ஒரு காலி நாற்காலிதான். இந்த முறை அப்பாவுடையது. ஆனால் ஹோட்டல் அறையில் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு வெறித்திருக்கும் பிங்க்கை 1982-இல் வந்த திரைப்படத்தில் பார்க்கும்போது, பாரெட்டும் அங்கே இருப்பது தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு இந்தக் கதையின் ஒரு செங்கல். அதைத் தனியாகக் கேட்டால் படிப்பே வேண்டாம் என்பதுபோல் இருக்கும். கதைக்குள் வைத்துக் கேட்டால் கொடுமை செய்யும் ஆசிரியர்களுக்கு எதிரான குரல். முதலில் அதில் ஒரே ஒரு சரணம்தான் இருந்தது. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் அதையே இன்னொரு முறை ஓடவிட்டு, லண்டனில் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்தார். 1979 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் அது முதலிடம். தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சியின் கல்வி முறையை எதிர்த்த மாணவர்கள் இதைப் பாடினார்கள். 1980-இல் அந்த அரசு பாட்டைத் தடைசெய்தது.

மேடையில் நிஜமாகவே சுவர் எழுப்பினார்கள். நிகழ்ச்சி நடக்க நடக்க, அட்டைச் செங்கல்களை அடுக்கி, சுமார் 40 அடி உயரத்துக்கு. பாதி நிகழ்ச்சியில் குழுவே மறைந்துபோகும். ‘கம்ஃபர்டபிளி நம்’ பாட்டின் கடைசியில் சுவரின் உச்சியில் விளக்கொளி விழ, கில்மோர் அங்கே நின்று வாசிப்பார். அந்தக் கிட்டார் தனி வாசிப்பில் அவர் அதிக ஸ்வரங்களை வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரத்தை வளைத்து, நிறுத்தி, அது அழுது முடியும்வரை விட்டுவைக்கிறார். வேகமாக வாசிப்பதுதான் திறமை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

சுவர் குழுவுக்குள்ளும் எழும்பிவிட்டது. பதிவு முடிவதற்குள் ரைட்டை வெளியேற்றினார்கள். அதே நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். 1985-இல் வாட்டர்ஸ் விலகினார். பெயர் யாருக்கு என்று வழக்கு, 1987-இல் உடன்பாடு. கில்மோரும் மேசனும் பெயரைத் தொடர்ந்தார்கள், ரைட்டும் திரும்பி வந்தார். அந்தச் சண்டையில் யார் பக்கம் என்று ரசிகர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில், ‘லைவ் 8’ நிகழ்ச்சியில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் ஏறினார்கள். ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொடங்கும் முன் வாட்டர்ஸ், இங்கே இல்லாதவர்களுக்காக இதை வாசிக்கிறோம், முக்கியமாக சிட்டுக்காக என்றார். பாரெட் அப்போது கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்துகொண்டிருந்தார். மறு ஆண்டு ஜூலை 7 அன்று, 60 வயதில் இறந்தார். 2008-இல் ரைட்டும் போய்விட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதலில். 43 நிமிடம் யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில். செயலியில் பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிற இடங்களெல்லாம் வெட்டுப்படும். ஒரு வாரம் கழித்து ‘விஷ் யூ வேர் ஹியர்’. அப்புறம் ‘எக்கோஸ்’. ‘தி வால்’ கனமானது, 80 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘விஷ் யூ வேர் ஹியர்’ கேட்கும்போது கடைசி அரை நிமிடத்தில் மட்டும் ஒலியைக் கூட்டுங்கள். ‘ஷைன் ஆன்’ ஒன்பதாம் பகுதி தேய்ந்து மறைந்துகொண்டிருக்கும்போது, ரைட்டின் கீபோர்டில் ஒரு சின்ன மெட்டு மெதுவாக வந்துபோகும். கவனிக்காவிட்டால் தெரியாது. அது ‘சீ எமிலி பிளே’. அதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், நேராக 1967-க்குப் போய், 21 வயது பாரெட் அதைப் பாடுவதைக் கேளுங்கள்.